சிறுத்தையைப் பார்த்து 'வாவ்' சொன்ன ஆள்காட்டி

ஒரு காட்டில், மூங்கில் புதருக்கும் ஓடைக்கும் நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. பெயர் நீலவேணி. சிறுத்தை வந்தால் கத்துவதுதான் அதன் வேலை. அது கத்தினால், ஓடையில் தண்ணீர் குடிக்கும் மான்கள் என்ன ஏது என்று கேட்காமல் ஓடிவிடும். சிறுத்தை வெறும் வாயை நக்கிக்கொண்டு திரும்பிப் போகும். காலங்காலமாக இப்படித்தான் நடந்துவந்தது.

அந்தக் காட்டுக்கு டவுனிலிருந்து பிலோமினா என்றொரு மைனா வந்து சேர்ந்தது. கான்வென்ட் ஜன்னலுக்கு மேலே கூடு கட்டி வாழ்ந்ததால் அதற்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. வந்த கையோடு ஆலமரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைத் தொடங்கிவிட்டது. முதல் பாடம்: ஆச்சரியப்படுவது எப்படி?

"எனக்கெதுக்கு டீச்சர் இதெல்லாம்? கத்துறதுக்கு என்ன படிப்பு?" என்றது நீலவேணி.

"நீ கத்துவதே இங்கிலீஷ்தானேம்மா! 'டிட் ஹி டூ இட்' என்று கத்துகிறாயே, 'அவனா செய்தான்?' என்று அர்த்தம்."

நீலவேணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் பரம்பரையே இங்கிலீஷ் பேசிய பரம்பரை என்று தெரிந்தபின் யாரால் சும்மா இருக்க முடியும்? மறுநாளே வகுப்பில் முதல் கிளையில் போய் உட்கார்ந்தது.

வகுப்பில் 'ஐயோ', 'ஆத்தாடி', 'அடேங்கப்பா' எதுவும் கூடாது. மீறிச் சொன்னால் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். கொக்கு வேண்டுமென்றே சொல்லிவிட்டு நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது.

"நல்லதைப் பார்த்தால் 'வாவ்'. கெட்டதைப் பார்த்தால் 'ஓ நோ'. நல்லதா கெட்டதா என்று பிடிபடவில்லை என்றால் 'ஓ மை காட்'. அடுத்தவர் சொன்னதைக் கவனிக்கவே இல்லை என்றால் 'ரியலி?'" என்று பாடம் நடத்தியது பிலோமினா.

மரத்தடியில் படுத்திருந்த செவ்வந்தி தலையைத் தூக்கியது. அது நிறைமாதப் புள்ளிமான், நீலவேணியின் உயிர்த்தோழி. "டீச்சர், 'நோ வே'ன்னா வழி இல்லைன்னுதானே?"

"இல்லை. 'இருக்கவே முடியாது' என்று வியப்பது."

"அப்ப வழி இருக்குதா?"

"இருக்கிறது."

"இருக்குறப்ப எதுக்கு டீச்சர் இல்லைங்கணும்?"

"ரியலி?" என்றது பிலோமினா.

பாடம் முடிந்ததும் டீச்சர் அறிவித்தது: "இனி இந்தக் காட்டில் யார் எதற்கு வியந்தாலும் இங்கிலீஷில்தான் வியக்க வேண்டும். நானே ஓடைக்கரைக்கு வந்து கவனிப்பேன்."

சொன்னபடியே பொழுது சாயும் நேரத்தில் வந்து நாவல் மரத்தில் உட்கார்ந்தது. கீழே மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. செவ்வந்தி வயிற்றைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தது.

அப்போது நாணல் அசைந்தது. சிறுத்தை.

நீலவேணிக்குப் பழைய கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. மேலே பார்த்தால் டீச்சர் முறைக்கிறது. எந்த வார்த்தை? நல்லதற்கு ஒன்று, கெட்டதற்கு ஒன்று... எது எதற்கு? செவ்வந்தியால் ஓட முடியாதே! மூளை கலங்கி, வாயில் வந்ததைக் கத்திவிட்டது.

"வாவ்!"

பாயப்போன சிறுத்தை அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் அலறித்தான் இருக்கிறார்கள்.

"யாரைச் சொன்ன?"

"உங்களைத்தாண்ணே" என்றது நீலவேணி.

"என்னத்துக்கு?"

"அந்த... முதுகுல... புள்ளி."

சிறுத்தை திரும்பித் தன் முதுகைப் பார்த்தது. "இந்தப் பக்கத்தைச் சொல்றியா? அந்தப் பக்கம் இன்னும் நல்லாருக்கும்."

"ரியலி?" என்றது செவ்வந்தி. அதற்கு நிலைமை புரிந்துவிட்டது.

"பொய்யா சொல்றேன்? பாரு!" சிறுத்தை மறுபக்கம் திரும்பி நின்றது. வயிற்றை எக்கிக்கொண்டது.

"ஓ மை காட்!" என்றபடி ஒரு மான் பின்னால் நகர்ந்தது. "அமேசிங்!" என்று இன்னொன்று புதருக்குள் புகுந்தது. செவ்வந்தியால் வேகமாக நடக்க முடியாது. அதனால் இருப்பதிலேயே நீளமான வார்த்தையை எடுத்துக்கொண்டது. "அன்... பி... லீ... வ... பிள்!" என்று அது சொல்லி முடிப்பதற்குள் ஓடையைக் கடந்துவிட்டது. சிறுத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் டீச்சரால் பொறுக்க முடியவில்லை.

"தப்பு! நீலவேணி, அழகானதைப் பார்த்தால்தான் 'வாவ்'. இதைப் போய் 'வாவ்' என்பார்களா? இந்த மாதிரி மூஞ்சிக்கெல்லாம் 'ஓ நோ'தான் சரி!"

சிறுத்தை கண்ணைத் திறந்தது. ஒரே தாவல். மைனா தப்பியது, வால் தப்பவில்லை. வாலில்லாமல் பறந்த டீச்சர் போகிற வழியெல்லாம் "ஐயய்யோ, ஆத்தாடி, அடிப்பாவி" என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனது.

அன்றிலிருந்து சிறுத்தை தினமும் ஓடைக்கு வந்து பக்கவாட்டில் நிற்கத் தொடங்கியது. மான்கள் ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தன. பசித்தால் சிறுத்தை மலைக்கு அந்தப் பக்கம் போய்வந்தது. அந்தப் பக்கத்து மான்களுக்கு இங்கிலீஷ் தெரியாது.

செவ்வந்தி குட்டி போட்ட செய்தி கேட்டுச் சிறுத்தை நேரிலேயே வந்துவிட்டது. குட்டியை உற்றுப் பார்த்தது. பார்வை சரியில்லை. நாக்கு வெளியே வந்தது.

"அண்ணே, இன்னிக்கு நிறம் ஒரு படி கூடித் தெரியுதே!" என்றது செவ்வந்தி அவசரமாக.

சிறுத்தை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. "நிஜமாவா? வெயில்ல வந்து நிக்கட்டுமா?"

"நில்லுங்கண்ணே. நாங்க இங்கேயிருந்து பார்க்குறோம்."

அது வெயிலில் போய் நின்றது. நெடுநேரம் நின்றது.

நீதி: தப்பான இடத்தில் சொன்ன இங்கிலீஷ் ஊரையே காப்பாற்றும், அதைத் திருத்த வருகிறவர் தம் வாலைத் தாமேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.