ஒன்றும் தெரியாத மாப்பிள்ளை

அருஞ்சொல்லர் என்றொரு வகை மனிதர் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்ததுபோல் நழுவியும் இருப்பீர்கள். பாம்புக்குப் பல்லில் விஷம், தேளுக்குக் கொடுக்கில் விஷம், இவருக்குக் கேள்வியில். "இந்தச் சொல்லுக்குக் கருத்து தெரியுமா?" என்பார். அவ்வளவுதான், கடித்துவிட்டார்.

கல்முனைக்குடியில் இந்த இனத்தின் தலைமகன் உதுமாலெவ்வை. கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் தென்னம்பிள்ளை வைப்பார்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தோடு சண்டை பிடிப்பார்கள். இவருக்கு வாய்த்ததோ ஒரு பெட்டி நிறைய அமெரிக்க நாவல்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய சரக்கு. ஒரு வசனம் தொடங்கினால் அது முடிவதற்குள் ஒரு வக்து தொழுதுவிட்டு வரலாம். சந்தையில் கடலை சுற்றுவதற்கென்று வந்த பெட்டியை, கடலைக்காரரோடு மல்லுக்கட்டி மீட்டு வந்தார். கடலைக்காரர் ஊருக்குச் செய்யவிருந்த பேருதவி அன்றோடு தடைப்பட்டது.

அவர் நாவலைக் கதைக்காக வாசிப்பதில்லை. கதை அவருக்கு இடைஞ்சல். கப்பல் மூழ்கும், கதாநாயகி மயங்கி விழுவாள், பருத்தித் தோட்டம் தீப்பற்றி எரியும். இவர் பென்சிலும் கையுமாக அதற்குள் புகுந்து, நெளிந்து வளைந்த சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எரிகிறதை எரிய விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். "வாப்பா, கடைசியில அந்தக் கப்பல் கெப்டன் தப்பினாரா?" என்று மகள் இன்ஷிரா ஒருமுறை கேட்டாள். "எந்தக் கப்பல்?" என்று கேட்டார் உதுமாலெவ்வை.

அகராதியும் அந்தப் பெட்டியில் வந்ததுதான். 'ஓ'வுக்கு அடுத்த 'பி' எழுத்துத் தொடங்கி 'எஸ்' வரைக்கும் கறையான் தின்றுவிட்டது. ஃபோனில் பார்க்கலாமே என்பீர்கள். ஃபோனில் பார்த்த சொல் உடம்பில் ஒட்டாது என்பது அவர் கொள்கை. ஆகவே கறையான் தின்ற எழுத்துகளில் வரும் சொற்களுக்கெல்லாம் அவரே கருத்துத் தீர்மானித்தார். யாராவது ஒருவர் தீர்மானிக்கத்தானே வேண்டும்?

பெரியநீலாவணையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் துசாந்திடம், "என்ன தம்பி, முகம் லுகூப்ரியஸா இரிக்கி?" என்றார் ஒருநாள். துசாந் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அது இண்டைக்குப் படல்ல சேர். பாரையும் சூரையும்தான் கிடக்கு" என்றான். துயரம் வழிகிற முகம் என்று அதற்குக் கருத்தும் விளக்கமும் உதாரணங்களும் சொல்லி முடிப்பதற்குள் ஐஸ் கரைந்து, மீன் இளகி, துசாந்தின் முகம் உண்மையாகவே லுகூப்ரியஸ் ஆகிவிட்டது. இன்னொருநாள் மையித்து வீட்டில் துக்கம் விசாரிக்கப் போய் உட்கார்ந்து, "மௌத்தானவர் நல்ல மக்னனிமஸ்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். மௌத்தானவரின் மகன் பதறிப்போய், "டொக்டர் பிரஷர் எண்டுதானே சொன்னாரு சாச்சா!" என்று புதிதாக அழத் தொடங்கினான். பெருந்தன்மையானவர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாருக்கும் விளங்கிவிடுமே!

ஒன்றைக் கவனியுங்கள். அருஞ்சொல்லருக்குச் சுகம் சொல்லில் இல்லை. "தெரியுமா?" என்று அவர் கேட்பதற்கும் "தெரியா" என்று நீங்கள் தலையைக் குனிவதற்கும் நடுவில் இருக்கிறதே ஒரு சின்ன இடைவெளி, அதில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியை அவருக்குக் கொடுக்காதவன் அவருக்குப் பரம விரோதி.

இதனால் துசாந்துக்கு மீன் போனது, அவ்வளவுதான். இன்ஷிராவுக்கு வாழ்க்கையே போகப் பார்த்தது. அவள் கணித ஆசிரியை, கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்த மாப்பிள்ளை வைத்தியர். உதுமாலெவ்வை கேட்ட சொல்லுக்குப் பட்டென்று கருத்தைச் சொல்லி, "இது பள்ளிக்கூடத்துலயே படிச்சதுதானே" என்றும் சொல்லித் தொலைத்தார். பொடியனுக்கு அடக்கம் போதாது என்று அது முடிந்தது. அடுத்து வந்தவர் வங்கியில் வேலை. தெரியாது என்றார். அதுவரை சரி. பிறகு ஃபோனை எடுத்துத் தேடினார்! "முன்னுக்கு இரிக்கிற மனிசன விட்டுப்போட்டு ஃபோனுக்கிட்டக் கேக்கான். இவனா என்ட புள்ளயப் பார்க்கப்போறான்?" என்று அதுவும் முடிந்தது.

இரண்டுக்கும் இன்ஷிரா மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். அவள் மனதில் இருந்தவன் அக்கரைப்பற்று றஸ்மி. கம்பஸ் காலத்திலிருந்தே பழக்கம், இப்போது நீர்ப்பாசனப் பொறியியலாளர். அவன் வீட்டிலிருந்து கேட்டு வரப்போகிறார்கள் என்றதும் அவள் கண் முதலில் போனது வாப்பாவின் நாவல் பெட்டிக்குத்தான். ஏனென்றால் றஸ்மியும் அந்தக் காலத்து அமெரிக்க நாவல்களையெல்லாம் கரைத்துக் குடித்தவன். வாப்பா எந்தச் சொல்லை எறிந்தாலும் பிடித்துவிடுவான். பிடித்தால் கலியாணம் விழுந்துவிடும்.

"வாப்பா என்னத்தக் கேட்டாலும் தெரியா எண்டு சொல்லுங்க" என்று ஃபோனில் சொல்லிவைத்தாள்.

"தெரிஞ்சதத் தெரியா எண்டா அது பொய்யில்லையா?"

"மறுகா அல்லாஹ்க்கிட்ட மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்வம். உங்களுக்கு நான் வேணுமா, கருத்து வேணுமா?"

றஸ்மி கொஞ்சம் யோசித்தான். அந்த யோசனை அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு றஸ்மி தன் உம்மா வாப்பாவோடு வந்தான். வட்டிலப்பம் வைத்தார்கள். இன்ஷிரா திரைக்குப் பின்னால் நின்றாள். ஊர்க் கதை, மழைக் கதை, வேளாண்மைக் கதையெல்லாம் ஓய்ந்ததும் உதுமாலெவ்வை தொண்டையைச் செருமினார்.

"மகன், புல்க்ரிட்யூட் எண்டா என்ன, தெரியுமா?"

இன்ஷிராவுக்குத் தெரியாது. ஆனால் றஸ்மியின் கண் மின்னியதும், கரண்டி பாதி வழியில் நின்றதும் அவளுக்குத் தெரிந்தது. பாடமான சூராக்களையெல்லாம் ஓதத் தொடங்கினாள்.

"தெரியா மாமா" என்றான் றஸ்மி. "நீங்கதான் சொல்லித் தரணும்."

உதுமாலெவ்வையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பி. கறையானின் எழுத்து.

"அது பொம்புளைகளுக்கு வாற ஒரு கெட்ட குணம், மகன். வாய்த்துடுக்கு. நல்ல குடும்பத்துப் பொம்புளைகளுக்கிட்ட இரிக்காது. என்ட மகளுக்கிட்ட, அல்ஹம்துலில்லாஹ், தேடினாலும் கிடைக்காது."

அந்தச் சொல்லுக்குக் கருத்து பேரழகு.

வட்டிலப்பம் றஸ்மியின் தொண்டையில் அடைத்தது. முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் போராடினான். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னான்: "ஓம் மாமா. உங்கட மகளுக்கிட்ட அது இரிக்கவே இரிக்காது."

"ஒரு நல்ல கருத்தக் கேட்டுக் கண் கலங்குற பொடியன இந்தக் காலத்துல எங்க காணுற?" என்றார் உதுமாலெவ்வை. நாள் குறித்தார்கள்.

கணித ஆசிரியை ஒரு கணக்கை மறந்துவிட்டாள். இந்தக் கிழக்குக் கரையில் கலியாணம் முடிந்தால் பெண் மாமி வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். ஒரு பின்னேரம் மட்டும் ஒன்றும் தெரியாதவனாக இருக்கச் சம்மதித்த றஸ்மி, ஆயுள் முழுக்க ஒன்றும் தெரியாதவனாக இருக்க வந்து சேர்ந்தான்.

காலையில் புட்டுக்கு ஒரு சொல். பகலில் மீன் ஆணத்துக்கு ஒரு சொல். "தெரியா மாமா." "அதுவும் தெரியா மாமா." மேசைக்கு மேலே பணிவு, மேசைக்குக் கீழே விரல் சரியான கருத்தைத் தொடையில் எழுதிக்கொண்டிருக்கும். அடக்கிவைத்த கருத்தெல்லாம் எங்கே போகும்? அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் இன்ஷிராவின் தலையில் கொட்டும். "மாமா சொன்னது பிழை புள்ள. அந்தச் சொல்லு உண்மையில..." என்று தொடங்கினால், அந்தச் சொல்லின் தகப்பன் யார், பாட்டன் யார், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தது என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரே சொல்லுக்கு மேசையில் பிழையான வகுப்பு, அறையில் சரியான வகுப்பு. பிழையான வகுப்பு சீக்கிரம் முடிந்தது என்பதை இன்ஷிரா கவனித்தாள்.

ஒரு பின்னேரம் இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். அவள் புது அபாயா உடுத்திருந்தாள். நல்ல காற்று. கையில் சூடான இறால் வடை. "எப்பிடி இரிக்கி?" என்று கேட்டாள். றஸ்மி அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் அன்பு இருந்தது. அதில் சந்தேகமே வேண்டாம்.

"எஃபல்ஜன்ட்" என்றான். "ஒளி வீசுற மாதிரி."

அவள் முகம் மலரத்தான் போனது.

"லத்தீன்ல இருந்து வந்த சொல்லு அது" என்றான் அவன்.

போயிற்று. லத்தீனில் புறப்பட்டு, அந்தச் சொல்லின் அண்ணன் தம்பிமாரையெல்லாம் நலம் விசாரித்து, பழைய நாவல்காரர்கள் அதைச் சூரியனுக்கு எழுதியது சரியா, நிலவுக்கு எழுதியது சரியா என்று தனக்குத்தானே வழக்காடி, தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லி, வடை ஆறி, பொழுது ஊர்ப்பக்கம் இறங்கி, மஃரிபுக்குப் பாங்கும் சொல்லிவிட்டார்கள். எல்லா இடத்துக்கும் போன சொல், பக்கத்தில் நின்ற அவளிடம் மட்டும் வந்து சேரவில்லை. இன்ஷிராவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வாப்பாவிடமிருந்து தப்பிக்க இவ்வளவு பாடுபட்டு இன்னொரு வாப்பாவையா பிடித்தோம்?

"வடிவா இரிக்கிங்க எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா உங்களுக்கு?"

றஸ்மி உண்மையாகவே யோசித்தான்.

"வடிவு..." என்றான் மெல்ல. "அது எந்த வேரில இருந்து வந்த எண்டு பார்க்கணும்."

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தச் சொற்களில் ஏதாவது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்து, நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பூரிப்பு வந்ததா? இல்லை, இப்போதுதான் தெரிந்துகொண்டு, நாளைக்கு இதை எடுத்து விடுவதற்கு ஏற்ற ஆள் யாரென்று ஒரு முகம் நினைவுக்கு வந்ததா? வந்திருந்தால் அந்த மனிசரை விட்டுவிடுங்கள். பாவம், நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கட்டும். எப்படியும் கேட்டே தீருவீர்கள் என்றால், கேட்குமுன் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: இத்தனை காலமும் உங்களிடம் "தெரியா" என்று சொன்னவர்களுக்கெல்லாம் உண்மையிலேயே தெரியாது என்றா நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்?