தண்ணீர் உள்ளே வர வேண்டிய உடுப்பு

ஆம்பூர்,
மாசி மாதம், 1985.

ஸ்காட்லாந்துக் கடலோரம் கடல்பாசியைப் பற்றிப் படிக்கும் என் பேத்தி கமலவேணிக்கு, ஆம்பூரிலிருந்து உன் ஆயா கங்கம்மாள் உச்சி முகர்ந்து எழுதுவது. இங்கே நானும் உன் அப்பன் ஜம்புலிங்கமும் என்னுடைய இடது காலும் சுகம். வலது காலைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீ உதடு நீலம் பாரிக்காமல் இருக்கிறாய் என்று கேட்டால் இன்னும் சுகமாவோம்.

உன் கடிதத்தை நானே படித்தேன், யாரையும் படிக்கச் சொல்லவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் முதல் மார்க்கோடு நின்றவள். அந்தக் கடலில் முங்க ரப்பர் உடுப்பு போடவேண்டும் என்பதும், உடம்போடு ஒட்டினாற்போல் போட வெட்கப்பட்டு நீ ஒரு அளவு பெரிதாக இரவல் வாங்கினாய் என்பதும், இறங்கிய கொஞ்ச நேரத்தில் பல் கிடுகிடுத்து உன்னை மேலே தூக்கிவிட்டார்கள் என்பதும், இன்னும் ஒரே தடவைதான் இறங்க விடுவேன், அதிலும் முடியாவிட்டால் அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் பறித்து வரும் பாசியைப் பார் என்று உன் பேராசிரியை சொன்னதும் புரிந்தது. பெரிதாக எடுத்தது உன் தப்பில்லை அம்மா. நம் வீட்டில் எந்தத் தையல்காரரிடம் போனாலும் “வளர்ற பொண்ணு, நாலு விரல் விட்டுத் தெய்ப்பா” என்றுதான் பழக்கம். நீ வளர்ந்து முடித்து எம்.எஸ்சி. படிக்கும்போதுகூட அப்படித்தான் சொன்னோம்.

நல்லதாகப் பார்த்து எடு என்று இரண்டு வரி எழுதிப் போட்டிருப்பேன். ஆனால் நீ எழுதிய ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த உடுப்புக்குள் தண்ணீர் போகுமாம், போன தண்ணீர்தான் கதகதப்பு தருமாம். நனைந்த புடவையோடு நின்றால் ஜுரம் வரும் என்று தெரியும், சூடு வரும் என்று யாரும் சொன்னதில்லையே? எதிர்வீட்டு மக்பூல் அகமது பாயிடம் கேட்டேன். உனக்குத் தெரியுமே, தோல் கையுறை தைக்கிற கம்பெனியில் மேஸ்திரி. இந்த ஊரில் தலைவலிக்கு மருந்து கேட்டாலும் தோலில்தான் பதில் வரும். “ரப்பர் இன்னாத்துக்குக்கா? ஆட்டுத்தோல்ல மெத்துனு தெச்சு எண்ணெ போட்டுக் குடுக்கறேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது” என்றார். “வரணும் பாய்” என்றேன். “வரணுமா? அப்ப சூட் எதுக்கு, சும்மாவே குதிக்கலாமே!” என்று சிரித்தார். சிரித்த பிறகு அவருக்கும் தூக்கம் போய்விட்டது.

மறுநாள் அவரே ஷூவுக்குள் வைக்கிற மெத்து ரப்பர் ஷீட்டைக் கொண்டுவந்தார். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஆப்பம் மாதிரி பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழி. உன் கடல் ரப்பரும் இப்படித்தான் என்று நீ எழுதியிருந்தாயே. அவர் வீட்டம்மா ஹலீமா பீ என் இரண்டு காலுக்கும் தொடை வரை உறை தைத்தாள். வலது காலுக்கு நம் வழக்கப்படி நாலு விரல் விட்டு, இடது காலுக்குத் தோலோடு தோலாக. ஐஸ் பேக்டரியிலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ் கட்டி வந்தது. மரத்தூளைக் கழுவி, அவர்கள் வீட்டில் பிரியாணி கிண்டும் பெரிய தேக்சாவில் தண்ணீரோடு போட்டு, என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு காலையும் ஒரே நேரத்தில் இறக்கினார்கள்.

முதலில் இரண்டும் கடித்தன கமலா. அப்படியொரு கடி. கொஞ்சம் பொறுத்தேன். வலது காலில் தண்ணீர் சந்தைக்கடை மாதிரி வந்ததும் போனதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர், புதுக் குளிர், கடைசியில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இடது காலில் உள்ளே போன கொஞ்சூண்டு தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் என் சூட்டையே வாங்கிக்கொண்டு வெதுவெதுவென்று உட்கார்ந்துவிட்டது. கணக்கு புரிந்தது என்று நான் கத்தியபோது உன் அப்பன் உள்ளே வந்தான்.

“இன்னாம்மா இது? பிரியாணி தேக்சால காலு?”

“கமலாவுக்குத் துணி எடுக்கறேன்டா.”

“துணி எடுக்கறவ துணிக்கடைக்குப் போவாம...”

“அண்ணே, சும்மா பேஜார் பண்ணாதீங்க. கைய விட்டுப் பாருங்க” என்றாள் ஹலீமா. விட்டான். எடுத்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, “எனக்கொரு காலுக்குத் தெய்யேன் ஹலீமா” என்றான்.

ஆகவே கடைக்குப் போனால் வெட்கத்தை வாசலில் விட்டுவிட்டு இறுக்கமானதாகவே எடு. இருப்பதிலேயே தடித்த ரப்பராகப் பார். அதைப் போட்டுக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்து எழு, கையைத் தூக்கு, குனி. நான் முழங்காலை மடக்கியதும் பின்பக்கம் ஒரு பள்ளம் விழுந்து, இடது காலிலும் சில்லென்று ஒரு மிடறு உள்ளே புகுந்தது. முதுகுப் பள்ளம், அக்குள், கழுத்து, இங்கெல்லாம் இடைவெளி இருக்கக்கூடாது. ஆனால் மூச்சு முட்டினால் வேண்டாம். தலைக்கும் குல்லா கேள். முக்கியமாக, போட்டுப் பார்ப்பதோடு விடாதே, கழற்றியும் பார். என் இடது கால் உறையை ஹலீமா இழுத்தாள், பாய் இழுத்தார், உன் அப்பன் என்னை ஸ்டூலோடு பிடித்துக்கொண்டான். தேங்காயெண்ணெய்க்கும் மசியவில்லை. கடைசியில் கையுறை வெட்டுகிற கத்தரியால் கிழித்தார்கள். வலது காலுக்கு உணர்ச்சி சாயங்காலம்தான் வந்தது.

போ கண்ணு, தைரியமாக இறங்கு. நீயே பறி. மக்பூல் பாயும் ஹலீமாவும் உனக்காகத் துவா செய்கிறார்கள். உன் அப்பன் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னான், ஒரு காலை தேக்சாவில் வைத்துக்கொண்டு. தீர்க்காயுசாக, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு இரு.

உன் ஆயா,
கங்கம்மாள்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் உன் அடுத்த கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனார். உன் பேராசிரியை தன்னுடைய உடுப்பைக் கொடுத்தார்களாம், அது வேறு வகையாம், கழுத்திலும் மணிக்கட்டிலும் மட்டும் இறுக்கமாம், தண்ணீரே உள்ளே வராதாம், மற்ற இடமெல்லாம் தொளதொளவென்று இருக்க, உள்ளே கம்பளி போட்டுக்கொண்டு இறங்கினாயாம், குளிரவே இல்லையாம், இனி உன்னை அறையில் உட்காரவைக்க மாட்டார்களாம். நல்லது. மேலே நான் எழுதியதில் ஆசீர்வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அடித்துவிடு. ஆனால் இதென்ன பெண்ணடி நீ, நாலு பக்கமும் உடுப்பைப் பற்றியே எழுதியிருக்கிறாய்? கடலடியில் என்னதான் இருந்தது? அதை எழுது.