முருகனை நடுரோட்டில் நிறுத்திய டவுட்டு சார்

கேள்வி கேட்டே முருகனை நடுரோட்டில் நிற்க வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் காரிமங்கலம் வீட்டு மாடியில் குடியிருந்த டவுட்டு சார்.

பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். கம்ப்யூட்டர் தகவல் எந்த லைன் வழியாகப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்கிற வேலையாம். "மழை வந்தா துணிய எடுத்து வைங்க சார்" என்று என் வீட்டுக்காரி சொன்னால், "மழை நின்னா மறுபடி காயப் போடணுங்களா?" என்பார்.

பங்குனி உத்திரத்தன்று வழக்கமான தெருவில் குழி தோண்டியிருந்தார்கள். முருகன் பல்லக்கு எங்கள் தோளில். "ஏரிக்கரை வழியா போங்கப்பா" என்றார் தர்மகர்த்தா. டவுட்டு சார் குறுக்கே வந்து நின்றார்.

"அப்புறம் எப்படிங்க போவணும்?"

"சொன்ன வழியில போய்யா!"

"அதில்லீங்க, ஏரிக்கரை முடிஞ்சப்புறம்..."

தர்மகர்த்தா முறைக்கிறார். பல்லக்கு நகரவில்லை. "தோளு வுட்டுப் போவுது! ஆமா, இல்லைன்னு சொல்ற மாதிரி கேட்டுத் தொலைங்க சார்!" என்று கத்திவிட்டேன். முருகன் மன்னிக்கட்டும்.

"குழியத் தாண்டினதும் பழைய தெருவுக்கே வந்துடணுங்களா?"

"ஆமாய்யா!"

பல்லக்கு நகர்ந்தது.

அடுத்த மாதம் அவருக்கு பெங்களூரில் பரீட்சை. நாள் முழுக்கக் கருவிகளில் வேலை செய்து காட்ட வேண்டும். இரண்டு தடவை தோற்றிருந்தார். இந்தத் தடவையும் போனால் வேலையும் போகும். மனைவிக்கோ நிறைமாதம். பரீட்சையன்று அந்தப் பெண் எங்கள் வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் சாமி விளக்கு அணையாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் போன் அடித்தது. அந்தப் பெண் போனை என் பக்கம் தள்ளினாள். நான்தான் எடுத்தேன்.

"முதல் லைன் அறுந்தா தகவல் ரெண்டாவதுல போவணும்னு கேள்வியில போட்டிருந்தாங்க. முதல் லைன் சரியானப்புறம் என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை இல்லீங்க!"

"ஐயோ, கேக்க வேண்டியதுதானே?"

"முன்னாடி ஒருக்கா, எப்படிங்க செய்யறதுன்னு கேட்டேன். கேள்விய படிங்கன்னுட்டாரு அதிகாரி. அடுத்த தடவ நானா ஒண்ணு நெனச்சிக்கிட்டு செஞ்சேன், போச்சு. இன்னிக்கி வாயத் தொறக்கறப்ப உங்க கத்தல் காதுல கேட்டுச்சு. லைன் சரியானா திரும்ப அதுக்கே வரணுமா, ஆமாவா இல்லையான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"இல்லைன்னாருங்க! நான் ஆமான்னுல்ல நெனச்சிருந்தேன்!"

மறுநாள் பாஸ் என்று வந்தது. குழந்தை பிறந்ததும் பெங்களூருக்கே போய்விட்டார்கள்.

இந்த வருஷமும் அதே தெருவில் குழி. பல்லக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் ஏரிக்கரைக்குத் திரும்பியது. எல்லோருக்கும் நிம்மதி. முனையில் என் கால் மட்டும் கொஞ்சம் தயங்கியது, யாராவது குறுக்கே வந்து நிற்பார்களா என்று.