ரிட்டர்னைத் தொடாதே

மனைவி கோமளத்தை வேலைக்கு அனுப்புவதில்லை என்று பத்ரிநாராயணன் முடிவு கட்டிவிட்டார். அதை அவளிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அடையாறில் அவர் டைப்பிஸ்டாகக் குப்பை கொட்டும் கம்பெனியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. அதில் உட்கார ஆள் வேண்டும், சிப்பந்திகளின் வீட்டாரும் பரீட்சைக்கு வரலாம் என்றார் மேனேஜர். கல்யாணத்துக்கு முன்பே டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்த கோமளம் உடனே மனுப் போட்டாள். தேறிவிட்டால் புருஷனைவிடப் பெரிய உத்தியோகம். அந்த நினைப்பே அவருக்கு வேப்பெண்ணெயாகக் கசந்தது.

ஆகவே அவளுக்குக் குருவாகிவிட்டார். அந்த மெஷினில் ஒரு வரி அடித்ததும் ரிட்டர்ன் பொத்தானைத் தட்டினால்தான் அடித்தது உள்ளே போகும். தட்டாவிட்டால் மெஷின் தேமே என்று கிடக்கும். தாங்கள் குடியிருக்கும் மயிலாப்பூரில் இது தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்பது அவர் எண்ணம்.

"வலது பக்கம் ரிட்டர்ன்னு ஒண்ணு இருக்கும். அதை மட்டும் தொட்டுடாதே."

"ஏன்னா?"

"ஆபீஸ்ல ஃபைல் ரிட்டர்ன் ஆச்சுன்னா என்ன அர்த்தம்? தப்புன்னு திருப்பி அனுப்பிட்டான்னு அர்த்தம். அதைத் தட்டினா அடிச்சதெல்லாம் திரும்பிடும். நீயும் ஆத்துக்குத் திரும்பிட வேண்டியதுதான்."

"அப்படியா? நல்ல வேளை, சொன்னேள்."

பரீட்சையன்று அவர் பெருமாளுக்குத் தேங்காய் வேறு நேர்ந்துகொண்டார். பெண்டாட்டி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பக்தனைப் பெருமாளே அன்றுதான் பார்த்திருப்பார்.

சாயங்காலம் கோமளம் சிரித்த முகமாக வந்து செருப்பைக் கழற்றினாள்.

"என்ன ஆச்சு?"

"பாஸ். முதல் வரியை அடிச்சேன். மெஷின் அசையாம முழிச்சுண்டு நின்னது. ரிட்டர்னைத் தட்டினேன், உள்ளே போயிடுத்து."

"தொடாதேன்னு சொன்னேனே."

"நீங்க தொடாதேன்னு சொன்னதுல எதுதான் கெட்டதா இருந்திருக்கு? முந்திரிப்பருப்பு டப்பா, உங்க பீரோ, மேல்தட்டு பாதுஷா..."

அவளுக்குக் கோபமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனுஷன் சமமாக நின்றிருப்பார்.

"மேனேஜர் அசந்துட்டார். யார் கத்துக்கொடுத்தான்னு கேட்டார். உங்களை விட்டுக்கொடுப்பேனா? எங்காத்துக்காரர்தான்னேன்."

பத்ரிநாராயணனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "என்ன சொன்னார்?"

"இவ்வளவு தெரிஞ்சவரை டைப் அடிக்க விட்டிருக்கோமேன்னு வருத்தப்பட்டார். திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க எனக்கு அசிஸ்டென்ட்."