முதல் வரிசைப் பிரதர்

மாநாட்டுப் பிரதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் அவர் உங்களைப் பார்த்திருப்பார், ஓடி வந்து கட்டிப்பிடித்து, முதுகில் நாலு தட்டுத் தட்டி, "எவ்வளவு நாளாச்சு பிரதர்! உங்களுக்காகத்தான் ஜெபிச்சிக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லியிருப்பார். யார் இவர் என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கட்டிப்பிடிக்கப் போயிருப்பார். நீங்கள் யார் என்று அவருக்கும் தெரியாது. வருத்தப்படாதீர்கள்.

சாதாரண விசுவாசி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவார், வீட்டுக்கு வந்து சாப்பிடுவார், தூங்குவார். இந்த இனத்துக்கு அது எந்த மூலைக்கு? வாலிபர் மாநாடு, தம்பதியர் மாநாடு, வியாபாரிகள் மாநாடு, எழுப்புதல் மாநாடு, எழுப்புதலுக்கான ஆயத்த மாநாடு என்று எங்கே பந்தல்கால் நட்டாலும் இவர் வந்து நிற்பார். விதவைகள் மாநாட்டுக்குக்கூட ஒருமுறை போயிருக்கிறார். கூட வந்த மனைவியைப் பார்த்த பிறகுதான் வாசலில் இருந்தவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

எனக்குத் தெரிந்த மாநாட்டுப் பிரதர் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்கிறார். கூட்டம் ஆரம்பிக்க வெகுநேரம் முன்பே முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் வேதாகமம், அடுத்ததில் கைக்குட்டை, அதற்கடுத்ததில் குடை என்று போட்டுவிட்டு, ஒன்றுமே தெரியாதவர் மாதிரி பந்தலைச் சுற்றி வருவார். பேச்சாளர் வாக்கியத்தை முடிப்பதற்குள் "ஆமென்!" என்பார். "வழியை மறிச்சு ஒரு வெள்ளைக் கார் நிக்குது, யாருதுன்னு..." என்று ஒலிபெருக்கியில் ஆரம்பித்தபோதும் அப்படித்தான் கையை உயர்த்தி ஆமென் சொன்னார். காரை எடுக்கச் சொல்லி அவரைத்தான் துரத்தினார்கள். அவரிடம் கார் கிடையாது.

போன மாநாட்டின் தலைப்பு 'ஐக்கியம்'. கேட்கவேண்டுமா? கடைக்குப் பூட்டு. மனைவி பெண்கள் பக்கம் போய் உட்கார, இவர் முதல் வரிசையில் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான நாற்காலியைப் பெருந்தன்மையோடு ஒரு புதியவருக்குக் கொடுத்தார். வந்தவர் ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மெக்கானிக். கண்ணில் புரை விழுந்திருந்ததால் மேடையில் பேசுவது ஒருவரா இருவரா என்று தெரியவில்லையாம், அதனால் முன்னால் வந்தாராம். நம்மவர் எப்போதும்போல முகத்தைப் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைத்தான் பார்த்தார்.

"பிரேம் இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கு பிரதர்."

"நான்தான் சாய்ஞ்சு போயிட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார் மெக்கானிக்.

பிடித்துப்போய்விட்டது. இரண்டு பேரும் சேர்ந்தே பாடினார்கள், சேர்ந்தே சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். மத்தியானக் கூட்டத்தில் பேச்சாளர், "பக்கத்துல இருக்கறவர் கையைப் பிடிங்க, மனசுல இருக்கற பாரத்தைச் சொல்லுங்க, ஒருத்தருக்கொருத்தர் ஜெபிங்க" என்றார். நம்மவருக்கு இதற்கெல்லாம் ஒத்திகையே தேவையில்லை. கண்ணீர் குழாயைத் திறந்த மாதிரி வந்தது.

"எனக்கு மேல்வீட்டுக்காரர்தான் பாரம் பிரதர். ஈரத்துணியைப் பிழியாம காயப்போட்டு என் ஸ்கூட்டர் சீட்டை நனைச்சுடறார். மாடிப்படி பல்பு போய் எத்தனை மாசமாச்சு! மாடிப்படி அவருக்குத்தானே? நான் ஏன் மாத்தணும்? மனுஷனே இல்ல பிரதர், கல்லு!"

மெக்கானிக் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "எனக்கும் அதே கதைதாங்க. எனக்குக் கீழ்வீட்டுக்காரர். படிக்கட்டு அடியில ஆரம்பிக்குதா, மேலேயா? பல்பு அவருதுதானே? விடிஞ்சும் விடியாம பிரசங்கத்தைச் சத்தமா போட்டுடறாரு. போடட்டும், எனக்கும் பிரசங்கம் பிடிக்கும். ஆனா நல்ல கட்டம் வரும்போது டக்குனு நிறுத்திட்டுக் குளிக்கப் போயிடறாரு. முடிவு தெரியாமலே வேலைக்குப் போறேன்."

"ஐயோ, கொடுமை! அந்தக் கீழ்வீட்டு ஆளைக் கர்த்தர் உடைக்கணும்!" என்று நம்மவர் உருகினார்.

"அந்த மேல்வீட்டு ஆளைத் தொடணும்!" என்று மெக்கானிக் கதறினார்.

ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருப்பவர்களுக்குக் குரல்கூடவா தெரியாது என்று கேட்பீர்கள். இருட்டுப் படிக்கட்டில் கத்துகிற குரல் வேறு, ஜெபிக்கிற குரல் வேறு. தவிர, ஒருவர் கண்ணில் புரை. இன்னொருவர் பார்ப்பது பிரேமை மட்டும்.

கூட்டம் முடிந்தது. வாசலில் இருவரும் தோள்மேல் கைபோட்டு நிற்கும்போது கண்ணாடிக்காரர் மனைவி செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். நின்றாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க, மேல்வீட்டு அண்ணனோட எப்போ ராசியானீங்க?"

தோளிலிருந்து கைகள் மெதுவாக இறங்கின. மெக்கானிக் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். ஒரே ஆட்டோவில்தான் திரும்பினார்கள். வழியெல்லாம் ஆட்டோக்காரர் மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தார். வீடு வந்ததும் மெக்கானிக் இருமிக்கொண்டே சொன்னார்:

"நம்ம ஜெபத்துல, கல்லுன்னு ஏதோ சொன்னீங்க."

"அது வேற கல்லு பிரதர். வேதத்துல வர்ற மூலைக்கல்லு மாதிரி."

மனைவி உள்ளே போய்ப் புது பல்பைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒருவர் ஸ்டூலைப் பிடிக்க, ஒருவர் ஏறி மாட்டினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்கமாட்டேன். மறு வாரம் ஒருநாள் காலை நம்மவர் கழுத்தில் அடையாள அட்டை, கையில் குடை சகிதம் அடுத்த மாநாட்டுக்குக் கிளம்பி நின்றார். படிக்கட்டிலிருந்து மெக்கானிக் இறங்கி வந்தார். சட்டைப் பொத்தான் மேலும் கீழுமாக மாட்டியிருந்தது.

"இன்னிக்கு எனக்குக் கண் ஆபரேஷன். கூட ஒரு ஆள் வரணும்னாங்க. எனக்கு அப்படி யாரும்... கொஞ்சம் பயமாவும் இருக்கு பிரதர்."

கண்ணாடிக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! "இன்னிக்குப் பார்த்தா பிரதர்! தொடக்கக் கூட்டமாச்சே! ஒண்ணு செய்யறேன், முதல் வரிசையில உட்கார்ந்து உங்களுக்காகவே ஜெபிக்கறேன்."

"சரிங்க" என்றார் மெக்கானிக். சுவரைத் தடவிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

மனைவி சமையலறையிலிருந்தே கேட்டாள்: "மாநாடு எதைப் பத்திங்க?"

"ஒருவருக்கொருவர் ஆறுதல்" என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் வெளியே வந்து கணவனின் குடையை வாங்கி மெக்கானிக் கையில் கொடுத்தாள். "வெயிலா இருக்கு அண்ணே. இவரும் உங்ககூட வருவாரு."

நம்மவர் போனார். முனகிக்கொண்டுதான் போனார். ஆனால் ஆஸ்பத்திரிக் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகளைப் பார்த்ததும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. முதல் வரிசையில் கைக்குட்டையைப் போட்டார். கண்ணில் கட்டோடு இருந்தவர்களிடமெல்லாம் "எவ்வளவு நாளாச்சு பிரதர்!" என்றார், பாவம், யார் என்று பார்த்துச் சொல்ல அவர்களால் முடியவில்லை, அவர்களும் கட்டிக்கொண்டார்கள். டாக்டர் வந்து சொட்டுமருந்து போடும் முறையை விளக்கியபோது பாதியிலேயே ஆமென் சொன்னார். ஒரு பாட்டு ஆரம்பித்தார், நர்ஸ் வந்து அடக்கினார், இவர் மறுபடி மெதுவாக ஆரம்பித்தார். மெக்கானிக்கை உள்ளே கூப்பிட்டபோது மட்டும் இவருக்குப் பாட்டும் வரவில்லை, ஆமெனும் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதவுவரை போனார். "இங்கேயேதான் இருப்பேன்" என்றார். இருந்தார்.

வெளியே வந்த மெக்கானிக், "உங்க மாநாடு போச்சே!" என்றார்.

"இதுவும் நல்ல கூடுகைதான் பிரதர். பேச்சாளர்தான் கொஞ்சம் சுருக்கமா முடிச்சிட்டாரு."

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அடுத்த மாநாட்டில் இதையே சாட்சியாகச் சொல்லி, மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை ஒலிவாங்கியை விடவில்லை. பக்கத்தில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார், முதல் வரிசையில்தான்.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நல்லது. போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாரே, குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பதுவரை உங்களுக்குத் தெரியுமே, அவர் பெயர் என்ன?

யோசியுங்கள். உங்களுக்காக ஜெபித்துக்கொள்கிறேன்.