அண்ணியின் பச்சை நாக்கு

அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் ஒரு டப்பா கிடைத்தால், ஆஸ்பத்திரிக்குப் போவது அவனை நம்பியவர்தான். அந்த அரைகுறை நான்.

அப்போது கொழும்பில் சத்துமாவு விற்கும் கடையொன்றில் வேலை. (சேர்ந்து ஒரு மாதம், பாதி டொக்டர் ஆகியிருந்தேன்.) ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அண்ணிக்கு ரத்தம் குறைவு. மலையில் இரண்டு தடவை மயங்கி உட்கார்ந்துவிட்டார். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்ததால் முட்டை, நெத்தலி எதையும் தொடமாட்டார். சும்மா இருப்பேனா? ஒரு டப்பா ஸ்பைருலினாப் பொடியோடு பஸ் ஏறினேன்.

"மீனு கீனு கலக்கலையே தம்பி?" என்று கேட்டார் அண்ணி.

"தண்ணியில வளர்ற பாசி அண்ணி. சுத்த சைவம். இரும்புச்சத்து இருக்கு."

"நீங்க சொன்னா சரிதான்."

ஒரு தேக்கரண்டி என்று டப்பாவில் போட்டிருந்தது. மலை ஏறுகிறவருக்கு அது எப்படிப் போதும்? மறுநாள் காலை ரொட்டி மாவில் பெரிய கரண்டியால் அள்ளி அள்ளிப் போட்டேன். ரொட்டி கரும்பச்சையாக வெந்தது. அண்ணி மூன்றைக் கட்டிக்கொண்டு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனார்.

தேத்தண்ணி நேரத்தில் மூன்றையும் சாப்பிட்டிருக்கிறார். பிறகு கொழுந்து நிறுக்கும் இடத்தில் எதற்கோ சிரித்தாராம். பல், உதடு, நாக்கு எல்லாம் பச்சை. அன்று பக்கத்து மலையில் புல் சாவதற்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மருந்தும் பச்சை.

"ஐயையோ, ரொட்டியில மருந்து பட்டிருச்சு!" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அலறினார்.

"இல்லீங்கய்யா, எங்க கொழுந்தன் குடுத்த பொடிங்க!"

அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது; கொழுந்தனே விஷம் வைத்துவிட்டான் என்றாகிவிட்டது. அண்ணி கத்தக் கத்தக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

டப்பாவோடு நான் ஓடினேன். டொக்டர் அம்மா லேபிளைப் படித்துவிட்டுச் சிரித்தார். கண்டாக்கு ஐயாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

"சாப்புடுற சாமான்னா நீ தின்னு காட்டு."

ஒரு கரண்டி வாயில் போட்டேன். (அதுவரை நான் அதை ருசி பார்த்ததே இல்லை.) குளத்துச் சேற்று வாடை தொண்டையில் ஏற, ஜன்னலுக்குப் பாய்ந்தேன்.

"நான் மூணு ரொட்டி தின்னேன் தம்பி," என்றார் அண்ணி கட்டிலில் இருந்தபடி.

"ஏன் அண்ணி தின்னீங்க?"

"எனக்காக அம்புட்டுத் தூரத்திலேருந்து தூக்கிட்டு வந்தீங்க. எப்புடிக் கொட்டுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மேதாவித்தனத்தை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் மென்று விழுங்கியிருக்கிறார்.

டொக்டர் ரத்தம் சோதித்து மாத்திரை கொடுத்தார். பொடி சாப்பாட்டோடு கொஞ்சமாகச் சேரலாம், மாத்திரைக்குப் பதிலாக ஆகாது என்றார். அண்ணி இரண்டையும் விடவில்லை. பயற்றங்கஞ்சியில் இஞ்சியும் கருப்பட்டியும் தட்டிப்போட்டு, அளவாக அரைக் கரண்டி பொடி கலந்தார். நானே இரண்டாவது கோப்பை கேட்டேன். மெல்ல மெல்ல மயக்கமும் நின்றது.

போன வருடம் எனக்குக் கல்யாணம். படம் பிடிக்கிற நேரம் அண்ணி மணப்பெண் காதருகே குனிந்து, "இவர மட்டும் அடுப்படிக்குள்ள விட்றாதம்மா," என்று சொல்லி நாக்கை நீட்டிக் காட்டினார். படத்தில் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், நான் தரையைப் பார்க்கிறேன். வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.