டார்ச்சு வெளிச்சத்தில் திரும்பிய புத்தர்

நெய்வேலி நகரியத்தார் ‘சைரன்’ என்றழைத்த மனிதர் சென்ற மாதம் மறைந்தார். அவரை மறந்துவிடுவார்களோ என்று அஞ்சி இதை எழுதவில்லை. பிழையாக நினைவில் கொள்வார்களோ என்று அஞ்சியே எழுதுகிறேன்.

மனிதரை நடுங்கவைப்பதில் அவருக்கு நிகர் எவருமிலர். சுரங்கத்தில் வெடி வைக்குமுன் ஒலிக்கும் சங்குக்குக்கூட மக்கள் அவ்வளவு விரைந்து ஒதுங்கியதில்லை. மண்வெட்டும் பேரியந்திரத்தை ஓட்டி ஓய்வுபெற்ற அவர், நூலக மாடியில் எங்களுக்கு ஆசியக் கலை வரலாறு கற்பித்தார். இடப்புருவத்தில் வெட்டுத்தழும்பு, கையில் சுரங்க டார்ச்சு. திரையில் படம் தோன்றியதும் எவர் முகத்தில் ஒளி விழுகிறதோ, அவர் எழுந்து பேச வேண்டும். கண்டதை முதலில், பெயரைப் பிறகு.

நானோ ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பக்கத்து இருக்கையில் என் பழைய மாணவன் முருகவேல், இப்போது ஷிப்ட் எலக்ட்ரீஷியன். அவன் முன்னிலையில் தோற்றுவிடலாகாதே என்பதே என் அச்சம்.

“ஐயா, குனிஞ்சுக்குங்க. டார்ச்சு நம்ம பக்கமா வருது.”

குனிந்தேன். ஒளி வழுக்கையில் விழுந்தது.

திரையில் புத்தர். “வலக்கையால் நிலந்தொட்டு மண்மகளைச் சான்றழைக்கும் திருவுரு” என முழங்கினேன்.

“எந்தக் கை, வாத்தியாரே?”

“வலக்கை.”

“அது பொஸ்தகத்துல. எதிர்ல இன்னா இருக்குது?”

இடக்கை! படத்தை வேண்டுமென்றே இடவலம் மாற்றிப் போட்டிருந்தார். முருகவேல் இருமுவதுபோல் சிரித்தான்.

“சுரங்கத்துல பாக்காமலே ‘எல்லாம் சரி’ன்னு சொல்றவன் வூடு திரும்ப மாட்டான். பாத்துகினே பேசுங்க” என்றார் சைரன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்தார். திரையில் ஆடவல்லான், கடைசி வரிசையில் சைரன். என் முறை வந்தது. ‘இடக்காலைத் தூக்கி’ என்ற மனப்பாடம் உதடுவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டுப் பார்த்தேன். தூக்கியிருந்தது வலக்கால்.

“படம் இடவலம் மாறியிருக்கிறது, ஐயா.”

“ஏன் சார், மதுரையில கால் மாறி ஆடலையா?” என்று மடக்கினார் பேராசிரியர்.

“ஆடினார். உடுக்கையும் அனலும்கூடவா கைமாறின?” என்று கேட்டேன்.

பேராசிரியர் திரையை உற்று நோக்கினார். பிறகு கணினியில் படத்தைத் திருப்பினார். அப்போது பின்னாலிருந்து டார்ச்சு என்மேல் விழுந்தது. தொலைந்தேன் என்று நடுங்கினேன். ஒளி ஒருமுறை அணைந்து மீண்டும் எரிந்தது.

“ஐயா, சைரன் கண்ணடிக்கிறாருங்க!” என்றான் முருகவேல்.

இக்குறிப்பில் பிழை காண்போர் திருத்தியெழுதுக, குறிப்பாக அத்தழும்பு. ஒளி எப்போதும் என் கண்ணில் இருந்தது. அவர் முகத்தை நேராகப் பார்க்க ஒருநாளும் துணிந்தேனில்லை. இடப்புருவமா, வலப்புருவமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள். இனியேனும் அவரைச் சரியாகப் பார்க்க விரும்புகிறேன்.